நாங்கள் இருக்கும் வீடு விற்பனைக்கு

பெப்ரவரி 2, ஞாயிறு

முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் குறிப்பு எழுதவேண்டும். யார் சாப்பிட்டார், யார் தட்டைத் தள்ளிவிட்டார், யார் மகளைக் கேட்டு அழுதார் என்று எல்லாம் ஆங்கிலத்தில். எழுதி எழுதி எனக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. நேற்று என் மகள் சாருகா தனக்கு வேண்டாமென்று ஒரு டயறியைத் தந்தாள். எங்கள் வீட்டைப் பற்றியும் குறிப்பு எழுதிப் பார்த்தால் என்ன? தமிழில் எழுதினால் யாரும் திருத்தப் போவதில்லை.

இன்றைய குறிப்பு: என் கணவர் தயாபரன் புட்டும் மீன்குழம்பும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுத்தார். டைல்ஸ் பதிக்கிறவர்களுக்கு முதலில் போவது முழங்கால்தானாம். சாருகா புட்டைப் பாதியில் விட்டாள். வீட்டுக்காரர் கருணைநாதன் அண்ணை போன் எடுத்து, செவ்வாய் பின்னேரம் வரலாமா என்று கேட்டார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம். வாடகையைக் கூட்டுவதென்றால்கூட அவர் ஒரு மெசேஜோடு முடித்துவிடுவார். நேரில் வந்து சொல்ல என்ன இருக்கும்?

பெப்ரவரி 4, செவ்வாய்

வந்தார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். அதைக் கண்டதுமே நல்ல செய்தி இல்லையென்று எனக்குப் பட்டது. தேநீரைப் பாதி குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“பிள்ளை, வீட்டை விக்கப்போறன்.”

தயா யன்னலைப் பார்த்தார். நான்தான் கேட்டேன். “ஏன் அண்ணை? ஏதும் பிரச்சினையோ?”

“வீடு வாங்கி வாடகைக்கு விடுற ஆக்களுக்கு ஒரு வரிச்சலுகை இருக்கெல்லே. அதைக் குறைக்கப் போறாங்கள் எண்டு கதை. வருசா வருசம் வாற கதைதான். ஆனா எனக்கும் அறுபத்திமூண்டாச்சு. ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டு இருக்கேலாது.”

“அது என்ன சலுகை அண்ணை?”

தயா மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். ஆனால் எனக்கு உண்மையாகவே அறிய வேண்டியிருந்தது.

“இந்த வீட்டாலை எனக்கு ஒவ்வொரு வருசமும் நட்டம் பிள்ளை. நீங்கள் தாற வாடகையை விட நான் வங்கிக்குக் கட்டுற வட்டி கூட. அந்த நட்டத்தை என்ரை சம்பளத்திலை கழிச்சுக் காட்டலாம். அப்ப வரி குறையும்.”

“அப்ப ஒரு டொலர் நட்டப்பட்டா ஒரு டொலர் திரும்பி வருமோ?”

“எங்கை! நாப்பது சதம் வரும்.”

“மிச்ச அறுபது சதம்?”

“அது போனது போனதுதான்.”

“பிறகேன் அண்ணை...”

“விலை ஏறுமெண்டுதான். ஏறினதுதானே.”

அவர் போன பிறகு நெடுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடமாக ஒருநாள் பிந்தாமல் நாங்கள் வாடகை கட்டியிருக்கிறோம். நாங்கள் கட்டியதும் போதாமல் அவரும் கட்டியிருக்கிறார். அப்படியென்றால் இந்த வீட்டால் யாருக்குத்தான் லாபம்?

தயா ஒரே ஒரு வசனம் சொன்னார். “நல்ல மனுசன், நேரை வந்து சொன்னார்.”

பெப்ரவரி 5, புதன்

பேரீச்சம்பழம் நல்ல பழம். சாருகாவே எல்லாவற்றையும் முடித்துவிட்டாள்.

பெப்ரவரி 13, வியாழன்

விற்பதற்கு முன் குளியலறையைப் புதிதாக்க வேண்டுமென்று வீடு விற்கும் ஏஜென்ட் நடாலி சொன்னாளாம். பழைய குளியலறையைப் பார்த்தால் வாங்க வருகிறவர்கள் விலையைக் குறைப்பார்களாம். கருணை அண்ணை அந்த வேலையை அருந்தவம் அண்ணையின் கொம்பனிக்குக் கொடுத்திருக்கிறார். தயா வேலை செய்வது அருந்தவம் அண்ணையிடம்தான்.

பின்னேரம் தயா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “அடுத்தது செவன் ஹில்ஸிலை ஒரு பாத்ரூமாம். அட்ரசைப் பார்த்தா எங்கட வீடு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டோம்.

“மாட்டன் எண்டு சொல்லலாம்தானே?” என்றேன்.

“அவர்தானே எனக்கு முதல் வேலை தந்தவர். எப்பிடிச் சொல்றது?”

இதை அவர் எப்போதும் சொல்வார். விசா சரிவராமல் இருந்த காலத்தில், ஒருவரும் கூப்பிடாதபோது அருந்தவம் அண்ணை கூப்பிட்டார். உண்மைதான். விசா சரிவந்தே ஐந்து வருடமாகிறது. நாட்சம்பளம் மட்டும் அன்றைக்குப் பேசியதே இன்றைக்கும்.

பெப்ரவரி 24, திங்கள்

வேலை தொடங்கியது. கழிப்பறை தனியாக இருப்பதால் தப்பினோம். குளிப்பதற்கு நான் வேலையிடத்தில், சாருகா பள்ளிக்கூட நீச்சல்குளத்தில், தயா பின்வளவில் தோட்டக் குழாயில். பக்கத்து வீட்டு லெபனான்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, தன் குளியலறைக்கு வரச்சொன்னாள். தயா வெட்கத்தில் ஓடிவிட்டார்.

இன்றைய அதிசயம் கருணை அண்ணை. உதவியாள் ஒருவருக்கு அருந்தவம் அண்ணை கேட்ட நாட்கூலி கட்டுப்படியாகாதென்று, தான் பார்க்கும் நகரசபை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பழைய நீளக்காற்சட்டையோடு தானே வந்து நின்றார். தயா உடைத்த பழைய டைல்ஸ் துண்டுகளை வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். பத்து மணிக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

“தம்பி, ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?”

“இது லேசான வேலை அண்ணை. உடைக்கிறது.”

மூன்று வீட்டுக்காரர் என்று ஊரில் பேர். அவர் குடியிருக்கும் வீடும் மற்ற இரண்டும் வங்கியிடம் அடமானம் என்று இன்று அவர் வாயாலேயே கேட்டேன். மதியம் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் கொடுத்தேன். ஆவலாகச் சாப்பிட்டார். அவர் மனைவி இப்போது பெரும்பாலும் மெல்பேணில் மகனோடுதானாம்.

பெப்ரவரி 27, வியாழன்

இன்று எனக்கு லீவு. குழாய்களை இடம் மாற்ற டெக்லன் என்ற பிளம்பர் வந்தான். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வானத்தைப் போல நீலமாய் ஒரு புத்தம்புதுப் பிக்கப் வண்டி. அரைநாளில் வேலையை முடித்துவிட்டான். இஞ்சித் தேநீர் கொடுத்தேன். முதலில் முகர்ந்து பார்த்தான், பிறகு இன்னொரு கோப்பை கேட்டான்.

வீடு எப்படியென்று கேட்டான். நல்ல வீடு என்றேன். எவ்வளவு மழை பெய்தாலும் வளவில் தண்ணீர் நிற்காது, ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம், குசினி யன்னலால் காலை வெயில் அடுப்புவரை வரும், மூன்றாவது அறைக்குள் இன்னொரு குளியலறையே கட்டலாமென்று தயா சொல்வார் என்றெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். ஒரு வீட்டைப் பற்றி என்னிடம் ஒருவர் இவ்வளவு கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது.

பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன். இந்த நாட்டில் பிளம்பர் ஒருவர் நாளுக்கு எவ்வளவு எடுப்பார்? சும்மா அறியத்தான். அவன் ஒளிக்காமல் சொன்னான். டைல்ஸ் பதிப்பவர்? அதையும் சொன்னான். தன்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு, நல்ல கைகாரனென்றால் கூடவும் கேட்பார்கள், இப்போது ஆளே கிடைப்பதில்லை என்றான்.

அவன் சொன்ன தொகையை இங்கே எழுதவில்லை. நான் தவறாக விளங்கியிருக்கலாம். என் ஆங்கிலம் அப்படி.

மார்ச் 1, சனி

தவறாக விளங்கவில்லை.

இன்று கருணை அண்ணை சுவரில் பெயின்ற் அடித்துக்கொண்டே அருந்தவம் அண்ணையைத் திட்டினார். டைல்ஸ் பதிக்கும் கூலிக்கு மட்டும் எவ்வளவு கொடுக்கிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். “உன்ரை மனுசனுக்கு நல்ல காசு பிள்ளை. நான் வீடு வாங்காமல் இந்தத் தொழிலைப் பழகியிருக்கவேணும்.”

நான் ஓமென்று தலையாட்டினேன். தயாவின் கைக்கு வருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் பாதி வங்கிக் கணக்குக்கு வரும், மிச்சம் கணக்கில் வராத காசு. கருணை அண்ணைக்கு அது தெரியாது. குளியலறைக்குள் தயா மட்டப்பலகையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிராது. உள்ளே வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு யோசித்தால், அந்நேரம் மெஷின் ஓடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தரையில் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசும் பூச்சு இன்று. நீலக்கலரில் களிபோல இருக்கிறது. கதவடியில் நின்று பார்த்தேன்.

“இதை எத்தினை தரம் பூசவேணும்?”

“ரெண்டு.”

“ஒருதரத்தோடை விட்டா?”

“ஆறு மாசத்திலை கீழை ஊறும். மரம் உக்கும்.”

“வீட்டை வாங்க வாற ஆக்கள் அதைக் கண்டுபிடிப்பினமோ? விலை குறையுமோ?”

தூரிகையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீர் ஏன் கேக்கிறீர்?”

“சும்மா அறியத்தான்.”

தூரிகையை எடுத்து மறுபடி பூசினார். பின்னேரம் எட்டிப் பார்த்தபோது மூன்றாம் தரம் பூசிக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டிலும் என்னோடு கதைக்கவில்லை. நான் பகிடிக்குத்தான் கேட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

குளியலறை முடிந்தது. வெளிர்சாம்பல் டைல்ஸ், மூலையில் ஒரு இடைவெளிகூடத் தெரியவில்லை. சுவரும் தரையும் சேருமிடத்தில் கோடு கோட்டோடு போய்ச் சேருகிறது. சாருகா போட்டோ எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். முதலாவதாகக் குளித்தது நான். குளித்துவிட்டு நின்ற இடத்திலேயே கொஞ்சநேரம் நின்றேன். இவர் எத்தனையோ வீடுகளில் இப்படிச் செய்திருப்பார். அதில் ஒன்றையாவது நான் பார்த்தது இன்றுதான்.

சாருகா கேட்டாள். “அம்மா, இவ்வளவு வடிவா இருந்தா வீட்டின்ரை விலை கூடும்தானே? அப்ப அப்பா ஏன் வடிவாச் செய்தவர்?”

அப்பாவையே கேள் என்றேன். அவள் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

வங்கிக்குப் போனோம். வாங்குவதற்கென்று இல்லை. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கடன் தருவார்கள் என்று தெரிந்துவைத்தால் நல்லதுதானே. நடாலி விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையும் நான் நினைத்ததைவிடக் குறைவு. எங்கள் சேமிப்பும் சீட்டுக் காசும் சேர்ந்தால் முற்பணத்துக்குக் கிட்ட வரும். அதையும் சும்மா கணக்குப் பார்த்து வைத்திருந்தேன்.

வங்கியில் இருந்தவர் சீனாக்காரர், நல்ல மரியாதை. என் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சரி என்றார். தயாவுடையதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

பகுதிநேர வேலையா என்று கேட்டார்.

முழுநேரம் என்றார் தயா.

தொழில் பழகுபவரா என்று கேட்டார்.

பதினொரு வருடம் என்றார் தயா. இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வங்கிக்காரர் கம்பியூட்டரைத் தட்டி, எங்கள் எல்லை இதுதான் என்று ஒரு தொகையைக் காட்டினார். கையில் வாங்கும் காசை வங்கி கணக்கில் எடுக்காது. நடாலி போட்ட விலைக்கு மட்டுமட்டாக வந்தது.

வெளியே வந்து எங்கள் வான் வண்டிக்குள் ஏறிய பிறகு நான் தொடங்கினேன். “உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கருணை அண்ணை அருந்தவம் அண்ணைக்கு எவ்வளவு...”

“தெரியும்.”

“எவ்வளவெண்டும் தெரியுமோ?”

“கூட வேலை செய்யிற எல்லாருக்கும் தெரியும் தர்மினி. நாங்கள் கதைக்கிறேல்லை.”

“தெரிஞ்சுகொண்டும் ஏன்...”

“தெரியாத மாதிரி இருக்கிறது லேசு.” வானைத் திருப்பினார். “நீர் எப்ப அறிஞ்சனீர்?”

“முதலாந் திகதி.”

“பன்ரண்டு நாளா வாயை மூடிக்கொண்டிருந்தனீரோ? நீரோ?”

அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

வீடு பார்க்க ஆட்கள் வரும் நாள். அரைமணி நேரம் வெளியே நிற்கவேண்டுமென்று நடாலி சொல்லிவிட்டாள். குசினியில் கறிமணம் இருக்கக்கூடாதாம். நேற்றிலிருந்து பாணும் முட்டையும்தான். எங்கள் கல்யாணப் படத்தையும் சாமிப்படங்களையும் அலுமாரிக்குள் வைக்கச் சொன்னாள்.

எதிர்ப்பக்கத்தில் வானை நிறுத்தி மூவரும் உள்ளே இருந்து பார்த்தோம். எனக்குப் படம் பார்ப்பதுபோல இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, அவள் கணவன் வாசலிலிருந்து தெருவரை நடந்து அளந்தான். ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு ஆண்கள் உள்ளே போகாமலே கூரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக வந்தது. அவர்களுக்குக் கிடைத்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு, யாருக்குக் கிடைத்தாலும் எனக்கென்ன என்றும் நினைத்தேன்.

“இது ஒரு மாதிரி கிரீப்பியா இருக்கம்மா. என்ர ரூமுக்குள்ள போறாங்கள்” என்றாள் சாருகா.

பிளம்பர் டெக்லனும் வந்தான். குழாய் ஏதும் ஒழுகுகிறதோ என்று பார்க்க வந்திருப்பான் என்றேன்.

வீட்டை ஏலத்தில்தான் விற்கிறார்களாம், ஏப்ரல் ஐந்தாம் திகதி.

ஏப்ரல் 1, செவ்வாய்

கருணை அண்ணை வேலிக்குப் பெயின்ற் அடிக்க வந்தார். தயா வேலைக்குப் போயிருந்தார். தேநீரோடு போய்க் கேட்டேவிட்டேன்.

“அண்ணை, ஏலம் விடாமல் எங்களுக்குத் தரலாமோ? நடாலி போட்ட விலைக்கு.”

தூரிகையைத் தகரவாளியின் விளிம்பில் வழித்து வழித்து நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

“பிள்ளை, அது ஆக்களைக் கூப்பிடப் போடுற விலை. அந்த விலைக்கு ஆரும் வாங்கேலாது.”

“அப்ப என்ன விலை எண்டு சொல்லுங்கோவன்.”

சொன்னார். நான் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உனக்குக் குறைச்சுத் தரலாம். குறைச்சா எனக்கு ஆர் குறைப்பினம்? வங்கி குறைக்குமோ? இதை வித்துத்தான் மற்ற ரெண்டுக்கும் கட்டவேணும். இதுதான் என்ரை பென்சன்.” கொஞ்சம் பொறுத்து, “நீங்கள் வந்த முதல் வருசம் நான் வித்திருக்கவேணும். அப்ப உங்களுக்குக் கட்டுப்படியாகியிருக்கும்” என்றார்.

“அப்ப எங்களுக்கு விசா இல்லை அண்ணை.”

“ஓம். அதுவும் சரி.”

இருவரும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மனுசனில் கோபிக்க வரவில்லை. கோபம் வந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

தயாவிடம் சொல்லவில்லை. அவர் இரண்டு நாளுக்கு முன்பே ஏலத்துக்குப் பெயர் பதிந்துவிட்டார். எனக்குச் சொல்லாமல். சும்மா நின்று பார்ப்பதற்கும் பதிந்தால்தான் கிட்ட விடுவார்கள் என்று ஒரு காரணம் வைத்திருந்தார்.

ஏப்ரல் 5, சனி

எல்லாம் பத்தே நிமிடத்தில் முடிந்தது.

எங்கள் வீட்டு முன் புல்தரையில்தான் நடந்தது. அயலவர்கள் கோப்பியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். லெபனான்காரி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தயா கல்யாணத்துக்குப் போடும் நீலச் சேர்ட்டைப் போட்டு, ஏலத்தில் தூக்கும் இலக்க அட்டையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். கருணை அண்ணை தெருமுனையில் தன் காருக்குள் இருந்தார், இறங்கவில்லை.

ஏலக்காரன் வீட்டைப் புகழ்ந்தான். அதிலும் குளியலறையை. அதைச் சொல்லும்போது சனம் திரும்பி வீட்டைப் பார்த்தது. தயா குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்.

பிறகு முதலாவது கேட்பு. அந்த முதலாவது கேட்பே எங்கள் எல்லைக்கு மேலே.

கேட்டவன் டெக்லன்.

தலைப்பாகைக் குடும்பத்தின் பெரியவர் கூட்டினார், போனில் யாரோ கூட்டினார்கள், டெக்லன் கூட்டினான். ஒவ்வொரு முறையும் ஏலக்காரன் எங்களையும் பார்த்தான். நாங்களும் வாங்க வந்தவர்கள் என்று நினைத்திருப்பான். தயா அட்டையைத் தொடையோடு சேர்த்து, இலக்கம் தெரியாமல் திருப்பிப் பிடித்திருந்தார். கடைசிவரைக்கும் அந்தக் கை அசையவில்லை.

டெக்லனுக்கு விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியவில்லை.

தயா அட்டையை நடாலியிடம் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேர்ட்டை மாற்றினார். நான் சோறு வைத்து, நிறைய உள்ளி போட்டு நண்டுக்கறி வைத்தேன். மணம் தெருமுழுக்கப் போயிருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வளவில் தண்ணீர் நிற்காது என்று டெக்லனிடம் நான்தான் சொன்னேன். ஸ்டேஷனுக்கு நடந்து போகலாமென்றும்.

மே 17, சனி

டெக்லன் இன்று முறைப்படி வீட்டுக்காரன். கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றான், உள்ளே வா என்று கூப்பிட்ட பிறகே வந்தான். இது தனக்கு மூன்றாவது வீடு என்றான். நாங்கள் தொடர்ந்து இருப்பதுதான் விருப்பமாம். வாடகை கூடும், ஆனால் அயலில் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைவு. அதற்கும் மேலே வங்கிக்குத் தன் கையால் கட்டவேண்டியிருக்குமென்றும், அந்த நட்டத்தை வரியில் கழிக்கலாமென்று கணக்காளர் சொன்னதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் ஓமோம் என்றேன். இப்போது எனக்கு அது நன்றாகவே விளங்குகிறது.

சலுகையைக் குறைக்கப் போகிறார்களாமே, பயமில்லையா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

சாருகாவின் பள்ளிக்கூடம் மாறவேண்டியதில்லை. அதற்காகச் சரி என்றோம். கூடின வாடகைக்கு நான் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டும் எடுக்கவேண்டும். அலுமாரிக்குள் இருந்த சாமிப்படங்களை வெளியே எடுத்தேன். கல்யாணப் படம் இன்னும் உள்ளேதான், ஆணி காணாமல் போய்விட்டது.

மே 26, திங்கள்

தயாவிடம் டைல்ஸ் வேலைக்கு லைசன்ஸ் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் சோதனை எழுதி எடுத்தது. தனியாக வேலை எடுக்கலாம். ஏன் எடுக்கவில்லையென்று இன்று முதல் தடவையாகக் கேட்டேன்.

“என்ன விலை சொல்றதெண்டு தெரியாது” என்றார்.

“டெக்லன் சொன்ன தொகை எனக்கு ஞாபகமிருக்கு.”

“வேண்டாம். சொல்லாதையும்.”

சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

டெக்லன் பிளாக்டவுனில் இருக்கும் தன் இரண்டாவது வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லித் தயாவைக் கூப்பிட்டான். இரண்டு குளியலறை, ஒரு குசினி. எங்கள் வீட்டில் செய்தது போலவே வேண்டுமாம். அருந்தவம் அண்ணையிடம் கேட்கட்டுமா, நேரே உன்னிடமா என்று போனிலேயே கேட்டிருக்கிறான். இவர் “நேரே” என்று சொல்லிவிட்டு, பிறகு பயந்துபோய் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆங்கிலத்துக்கு உதவியென்று சொன்னார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது.

வழியில் வானுக்குள் வைத்துக் கேட்டார். “அவன் சொன்ன தொகை என்ன?”

சொன்னேன். அதன் பிறகு பிளாக்டவுன்வரை அவருடைய உதடு மட்டும் அசைந்தது. அந்தத் தொகையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

டெக்லன் அறைகளைக் காட்டினான். தயா அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், ஒரு மூலையில் பழைய பூச்சைச் சுரண்டி முகர்ந்தார். எல்லாம் முடிந்து விலை கேட்கும் நேரம் வந்தது. தயா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோலக் குசினி மேசைத்தட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

சொன்னார். முழுத்தொகையும். ஒரு சதமும் குறைக்கவில்லை.

டெக்லன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சரி, எப்போது தொடங்கலாம் என்று கேட்டான்.

அடுத்த திங்கள் என்றார் தயா. கை குலுக்கினார்கள். வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு வந்து வானில் ஏறினோம்.

வானை ஸ்டார்ட் பண்ணினார், எடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

“கண்டனீரோ? யோசிக்கவே இல்லை அவன்.”

“ஓம்.”

“ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாமெல்லே. கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமெல்லே.”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அவர் முழங்காலில் கையை வைத்தேன்.

“தர்மினி,” என்றார், “திங்கக்கிழமை வரேல்லை எண்டு அருந்தவம் அண்ணைக்குச் சொல்லவேணும்.”

“சொல்லுங்கோவன். போன் இருக்குத்தானே.”

“போனிலை இல்லை. நேரை போய்ச் சொல்லுவம். அவர்தானே முதல் வேலை தந்தவர்.”

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனோம்.